புதுப்பிப்பு: டேங்க் உட்காராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: 1961ஆம் ஆண்டு நார்ட்டன் டாமினேட்டர் (பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்) என்று வாங்கிய வண்டியில், அந்த ஆண்டுக்குரிய பெட்ரோல் டேங்க் உட்கார மறுக்கிறது; கோளாறு டேங்கிலா, சட்டகத்திலா?

சட்டகத்தில்தான்.

மணல் வீசிச் சுத்தம் செய்யாமல் பெயிண்டை ரசாயனத்தில் ஊறவைத்து எடுக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. மூன்று அடுக்குப் பெயிண்டுக்கு அடியில், சட்டகத்தின் எண் அப்படியே இருந்தது. அரத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. ஒரு இலக்கம் மட்டும் சற்றுச் சாய்ந்து, கையால் அடித்த அச்சு என்பதைக் காட்டுகிறது. மணல் பட்டிருந்தால் அந்த விளிம்புகள் மழுங்கியிருக்கும். எஞ்சின் எண் இதனோடு பொருந்தவில்லை.

எண்ணைவிட உறுதியான சாட்சி குழாய்கள். மேல் குழாய்கள் இரண்டும் இருக்கையின் முன்பகுதியில் நெருங்காமல் அகலமாகவே ஓடுகின்றன. சாலை வண்டிகளில் நார்ட்டன் அவற்றை ஒடுக்கியது 1960இல்தான். ஆக, இது அதற்கு முந்தைய வைடுலைன், அதாவது அகலக் குழாய்ச் சட்டகம். பின்சட்டகம் போல்ட்டில் இல்லாமல் பற்றவைக்கப்பட்டிருப்பதால் ஃபெதர்பெட்டின் (நார்ட்டனின் இந்தச் சட்டக வகையின் பெயர்) தொடக்க ஆண்டுகளும் விலகிவிடுகின்றன.

குழாயை வளைத்து டேங்கைப் பொருத்தலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மாட்டேன். இத்தனை ஆண்டுகள் நேராக நின்ற சட்டகம் அது. எண்ணை மாற்றி அடிக்கும் பேச்சுக்கும் இடமில்லை. வைடுலைன் டேங்க் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.