மறுமொழி: இன்ஜின் டியூரபிலிட்டி – ‘உழைதிறன்’ என்றே வைக்கலாம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சின்ன டூ-ஸ்ட்ரோக் மண்பாதை வண்டிகளுக்கான சொற்பட்டியலில் டியூரபிலிட்டிக்கு நேராக ‘நீடித்த தன்மை’ என்று போட்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> பொதுச்சொல்லாக இருந்தால் எல்லாத் துறைக்கும் உதவும். இன்ஜினுக்கென்று தனிச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான் ஐயா. சுவரில் அடித்த பெயின்டுக்கு ‘நீடித்த தன்மை’ பொருந்தும். உரியாமல் இருப்பதுதான் அதன் வேலை. இன்ஜினுக்கு அது போதாது. பத்து வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி நீடித்திருக்கிறது, ஆனால் உழைக்கவில்லை. எங்கள் தருமபுரிப் பக்கம் எந்தப் பட்டறையிலும் இன்ஜின் ‘நீடிக்கும்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘இந்த பிளாக் நல்லா உழைச்சிருக்குதுங்க’, ‘மட்டமான பிஸ்டன் போட்டா உழைக்காதுங்க’ என்பதுதான் பேச்சு (பிளாக் என்பது சிலிண்டர்). செருப்பும் உழைக்கும், டயரும் உழைக்கும். இப்படி ஊரே பேசும் வினை இருக்கும்போது அதை விட்டு வேறு எங்கே தேடுவது? அதனால் ‘உழைதிறன்’. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘உழைத்திறன்’ என்று எழுதிவிட வேண்டாம்.

1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டத்துப் பட்டறைப் பேச்சும் டூ-ஸ்ட்ரோக்கோடு சேர்ந்தே வளர்ந்தது. சொல் எடுக்க இந்த ஊர்கள் நல்ல இடம் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அளவு. பட்டியலில் உழைதிறனைக் கிலோமீட்டரில் விளக்கியிருப்பது இந்த வகை வண்டிக்கு உதவாது. யமஹா ஆர்எக்ஸ் 100 இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள்; இங்கே மண்பாதைக்கு மாற்றிக்கொள்ளும் பலரின் கையில் இருப்பது அதுதான். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு பக்கமாக நகரும் தூரம்) 50 மி.மீ. பிஸ்டனோடு இணைந்து சுற்றும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் மேலே போய்க் கீழே வர 100 மி.மீ. நகர்கிறது. நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஒரு மணி நேரம் முறுக்கினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரில் 45 கிலோமீட்டர் உரசியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அஞ்செட்டிப் பக்கத்து மேட்டில் முதல் கியரில் ஏறிய வண்டி அவ்வளவு தூரம் போயிருக்காது. ஓடோமீட்டரைப் பார்த்து ‘வண்டி கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது’ என்று நம்புகிறவர் ஏமாந்துபோவார். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிவது இதில் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பந்தய வண்டிக் கையேடுகள் பிஸ்டன் மாற்றும் இடைவெளியை மணிக்கணக்கில் சொல்வது இதனால்தான்.

மணிக்கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. டிராக்டர் வாங்கப் போனால் ‘எத்தனை ஹவர் ஓடியிருக்குது’ என்றுதானே முதலில் கேட்கிறோம்? ஆகவே ஒரு பட்டறை வேலைக்கும் அடுத்த பட்டறை வேலைக்கும் நடுவே இன்ஜின் உழைக்கும் நேரத்துக்கு ‘உழைமணி’ என்ற சொல்லையும் முன்வைக்கிறேன். பிஸ்டனுக்கு ஓர் உழைமணி, கிராங்க் பேரிங்குக்கு வேறோர் உழைமணி என்று பிரித்து எழுத வசதியாக இருக்கும்.

> தாங்குதிறன் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது பாரத்தைத் தாங்குவது. இன்ஜின் பாரத்தால் மட்டும் கெடுவதில்லை. கழற்றிய பிளாக் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உழைத்துத் தேய்ந்த சிலிண்டரில் ஹோனிங் (சுவரைத் தேய்த்துச் சீராக்கும் வேலை) போட்டபோது விழுந்த குறுக்குக் கோடுகள் அழிந்து, சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருக்கும். தூசி தின்ற சிலிண்டரில் கார்பரேட்டர் பக்கத்தில் மேலும் கீழுமாகக் கீறல்கள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையிலும் அதே பக்கத்தில் அதே கீறல். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் எண்ணெய் காய்ந்துபோனதன் விளைவு இது. இந்த இன்ஜினில் கார்பரேட்டர் வழியாக வரும் காற்று முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. எனவே செம்மண் தூசி ரிங்கை அடையும் முன்பே ராடு கிராங்கோடு சேரும் பிக்-எண்ட் பேரிங்கைத் தொட்டுவிடும். ‘ராடு அடிக்குது’ (அந்த பேரிங் தேய்ந்து சத்தம் வருகிறது) என்று வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் பிளாக் பிஸ்டன் மட்டும் மாற்றி அனுப்புவது பெரிய தவறு.

பிஸ்டன் பிடித்த (சூட்டில் இறுகி நின்றுபோன) சிலிண்டர் மூன்றாவது வகை. பிஸ்டனின் அலுமினியம் சுவரில் அப்பியிருக்கும். கிராங்க் ஆயில் சீல் கசிந்து வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும், பிடிக்கும். ஓட்டும் முறையாலும் ஆகும். பெட்ரோலோடுதான் எண்ணெய் வருகிறது என்பதை மறந்து, தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டே இறங்கினால் சுற்று குறையாது, எண்ணெய் மட்டும் குறைந்துவிடும். பழைய ஆட்கள் இடையிடையே கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குவார்கள். அந்தப் பழக்கத்தை நான் மனமார மதிக்கிறேன். ஒரே இன்ஜினுக்கு ஆளுக்கு ஆள் உழைமணி மாறுவதால், பட்டியலில் எங்கேயும் ஒற்றை எண்ணைப் போட்டுவிடக் கூடாது.

கடைசியாக ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. ‘போர் போடுதல்’ என்பது பட்டறை வழக்கு. எழுத்தில் ‘மறுகடைசல்’ என்று வைக்கலாம். லேத் வேலையைக் கடைசல் என்பது நமக்குப் பழக்கம்தான். வார்ப்பிரும்புச் சுவர் என்றால் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். 50 மி.மீ. போர் 51 ஆனால் 98 சிசி 102 சிசி ஆகும், அவ்வளவுதான். நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூசிய அலுமினியச் சிலிண்டர் கதை வேறு. பூச்சு மெதுவாகத்தான் தேயும். உரிந்துவிட்டாலோ லேத்தில் கடைந்து ஓவர்சைஸ் போட வழியில்லை. மறுபடி பூச வேண்டும், இல்லையென்றால் புதுச் சிலிண்டர். முன்னதற்கு ஒரு தடவைக்கான உழைமணி குறைவு, மீட்கும் வாய்ப்பு அதிகம். பின்னதற்கு நேர்மாறு. இரண்டையும் ‘நீடித்த தன்மை’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் படிக்கிறவருக்கு எது தன் ஊருக்கு ஒத்துவரும் என்று தெரியாது. பக்கத்தில் நல்ல லேத் பட்டறை இருக்கிற பாலக்கோட்டுக்காரருக்கு வார்ப்பிரும்புதான் நல்லது என்பேன்.

பதிவை இப்படித் திருத்தலாம்:

உழைதிறன் – இன்ஜின் ஒரு பட்டறை வேலைக்கும் அடுத்த பட்டறை வேலைக்கும் நடுவே எத்தனை உழைமணி தரும், எத்தனை முறை மறுகடைசல் தாங்கும் என்ற இரண்டும் சேர்ந்தது.

பிஸ்டன் பிடிப்பு, ராடு அடிப்பு இரண்டையும் பட்டறையில் சொல்கிறபடியே விட்டுவிடலாம். கோவை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: பம்ப்செட் மோட்டார் வேலையில் ‘உழைப்பு’ எந்தப் பொருளில் வருகிறது என்று எழுதுங்கள். அங்கே பொருள் மோதவில்லை என்றால் உழைதிறனைப் பொதுப்பட்டியலுக்கும் கொண்டுபோகலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து