தேங்கா ஓட்டு கரி: ஒரே சாம்பிளுக்கு ரெண்டு பிஇடி வேல்யூ (நைட்ரஜன உறிஞ்ச வெச்சு அளக்கற மேற்பரப்பு ஏரியா), எத நம்பறது?

குடியாத்தம்_கரி:
வணக்கம். டேனரி சாயத்தண்ணிக்காக தேங்கா ஓட்டுல பாஸ்பாரிக் ஆசிட் ஊற வெச்சு 500 டிகிரில கரி பண்ணிகினு இருக்கேன். ஒரே பாட்டில்ல இருந்து ரெண்டு லேபுக்கு அனுப்புனேன், ஒண்ணுல கிராமுக்கு 640 சதுர மீட்டர், இன்னொண்ணுல 910. 640 வந்த ரிப்போர்ட்ல சி வேல்யூ (பிஇடி கணக்குல வர்ற மாறிலி) மைனஸ்ல இருக்கு. நானே டைட்ரேட் பண்ண அயோடின் நம்பர் 870. பெரிய நம்பர தீசிஸ்ல போடுன்றாங்க, எனக்கு மனசு ஒத்துக்கல.

காட்பாடி_77:
தம்பி, சி மைனஸ்ல வந்தாலே கோடு போட்ட ரேஞ்சு தப்பு. பி பை பி நாட் (நைட்ரஜன் பிரஷர அதோட நெறைவு பிரஷரால வகுத்தது) 0.05ல இருந்து 0.30 வரைக்கும்ன்றது சிலிக்கா மாதிரி மீசோபோர் (2ல இருந்து 50 நானோமீட்டர் ஓட்டை) பொருளுக்கு சரி, உங்களுது 2 நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டை நெறைய இருக்கற கரி, அதுல நைட்ரஜன் ரொம்ப கீழ் பிரஷர்லயே ரொம்பிடும். ரா டேட்டா கேட்டு வாங்குங்க. உறிஞ்சுன அளவ 1 மைனஸ் பி பை பி நாட்டால பெருக்கி கிராப் போடுங்க, ஏறிகினே போற புள்ளிங்க மட்டும்தான் எடுக்கணும், எறங்க ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. ரூக்கரோல்ன்ற ஆராய்ச்சியாளர் சொன்ன முறை இதான்.

பாலாறு_மணல்:
ண்ணா, டீகேஸ் (அளக்கறதுக்கு முன்னாடி சூடு பண்ணி ஈரம், வாயு எல்லாம் வெளியேத்தறது) எப்படி பண்ணாங்கன்னு கேட்டீங்களா? எனக்கு அடிபட்டது அங்கதான். 120 டிகிரில ரெண்டு மணி நேரம் சூடு பண்ணிட்டு, சூடு பண்றதுக்கு முன்னாடி பாத்த எடையவே மெஷின்ல போட்டுட்டாங்க. மழ நாள்ல கரி ஈரத்த குடிச்சிடும், 100 மில்லிகிராம்ல 15 தண்ணின்னா ஏரியாவும் 15 பர்சன்ட் கம்மியா காட்டும். இப்ப 300 டிகிரி, ராத்திரி பூரா வாக்குவம், முடிஞ்சப்புறம் ட்யூபோட எடை பாத்து வெறும் ட்யூப் எடைய கழிக்கறேன். இன்னொண்ணு, ஆசிட் சரியா போகலன்னா பாஸ்பேட் ஓட்டைய அடைச்சிகினு நிக்கும். வெந்நில கழுவுங்க, கழுவுன தண்ணில நீல லிட்மஸ் செவக்காத வரைக்கும் விடாதீங்க.

காட்பாடி_77:
எடை விஷயம் ரொம்ப சரி. அயோடின் 870ன்றது ஒரு கிராம் கரி புடிக்கற அயோடின் மில்லிகிராம், அத சதுர மீட்டரோட நேரா ஒப்பிடாதீங்க. 0.7 நானோமீட்டருக்கும் சின்ன ஓட்டைல 77 கெல்வின்ல நைட்ரஜன் நகரவே திணறும், அதுக்கு ஐஸ் தண்ணில ட்யூப வெச்சு கார்பன் டை ஆக்சைடு ஓட்டணும். ஆனா உங்களுக்கு சாயம்தான முக்கியம், சாய மூலக்கூறு பெருசு, அவ்ளோ சின்ன ஓட்டைல நுழையாது. மெத்திலீன் புளூ சாயத்த எவ்ளோ உறிஞ்சுதுன்னும் மீசோபோர் வால்யூமும் பாருங்க, வெறும் ஏரியா பத்தாது.

குடியாத்தம்_கரி:
640 வந்த ரிப்போர்ட் கடைசி பக்கத்துல பாத்தேன், டீகேஸ் 150 டிகிரி, ஒரு மணி நேரம்தான். லேபுக்கு போன் போட்டேன், எடையும் முன்னாடி பாத்ததுதானாம். 910 வந்த லேபு ரா டேட்டா இன்னும் தரல, அதனால அதையும் இப்போதைக்கு போடல. திரும்ப கழுவ ஆரம்பிச்சிட்டேன், நாலாவது தண்ணிலயும் லிட்மஸ் செவக்குது.