சுற்றுலாக் கப்பல் நின்ற பகலில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை: உங்கள் அனுபவம்?

அலைமகள்:
கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவிடும் டெண்டர் படகுக்கான வரிசை, ஊருக்குள் போகும் பஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை விடாமல் அரிப்பது ஒரு கதவு. கோட்டைக்குள் போர்க் கைதிகளை அடைத்துவைத்த நிலவறைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பழைய மரக்கதவு. அமெரிக்க விடுதலைப் போரில் பிடிபட்ட கைதி யாரோ அதில் தம் நாட்டுக் கொடியைச் செதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு கோடும் அழுத்தி அழுத்திக் கீறியது. குனிந்து பார்ப்பதற்குள் எங்கள் வழிகாட்டி, "கப்பலுக்கு நேரமாகிவிட்டது" என்று கிளப்பிவிட்டார். ஸ்காட்லாந்து மன்னர்களின் மகுடத்தைப் பார்க்க அத்தனை நேரம் வரிசையில் நிற்கவைத்தவர்களுக்கு, இதற்கு ஒரு நிமிடம் தர மனம் வரவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

வடகாற்று:
மகுடத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 1707இல் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டு, 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னிலையில் திறக்கும்வரை வெளியுலகம் காணாத மகுடம் அது. வரிசையில் நிற்கலாம், தப்பே இல்லை.

என் மனத்தில் நிற்பது மதியம் ஒரு மணிக்கு நேரம் அறிவிக்க வெடிக்கும் ‘ஒரு மணி பீரங்கி’. வெடித்ததும் மார்புக்கூடு அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் சட்டென்று கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்தார். 1861இல் இதைத் தொடங்கியதே கடலில் நின்ற கப்பல்களுக்காகத்தான். ஊரில் உள்ள கால்டன் குன்றின் உச்சியில் நேரம் காட்ட இறக்கிய பெரிய பந்து மூடுபனியில் தெரியாமல் போகும், சத்தமாவது எட்டட்டும் என்று. கப்பலில் வந்தவர்கள் அதைக் கேட்காமல் திரும்பலாமா?

மாலைவெயில்:
வடகாற்று சொல்வதை நம்பி ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள். அன்று பீரங்கி கிடையாது. புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் நாள்களிலும் கிடையாது.

நான் அம்மாவுடன் போனேன். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித மார்கரெட் சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அவ்வளவு சின்ன இடம். வெளியே வந்து, "இதுக்காக ஏறினது போதும்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நுழைவு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். டெண்டர் படகு கரைசேரும் சவுத் குயின்ஸ்பெரியில் இறங்கினால் படிகளேறி டால்மெனி ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து ரயிலில் ஊர் பக்கம்தான். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அந்தப் படிகள் வேண்டாம். கோட்டைக்குள்ளும் பாதை செங்குத்து, தரை கரடுமுரடான கல், மழை பெய்தால் வழுக்கும். தோல் அடிச் செருப்பு ஆகவே ஆகாது. முதலில் மேலே போய்விட்டு இறங்கும்போது மற்றதைப் பாருங்கள். காற்று பலமாக அடித்தால் டெண்டர் படகு தாமதமாகும். கடைசிப் படகை நம்பி உட்காராதீர்கள். குடை அந்த உச்சியில் நிற்காது, தலையை மூடும் மழைச்சட்டைதான் உதவும்.

அலைமகள்:
மாலைவெயில், நன்றி. ஆனால் நான் படகு நேரம் கேட்கவில்லை, அந்தக் கதவைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்றுதான் தேடுகிறேன். 1811இல் 49 கைதிகள் சுவரில் துளையிட்டுத் தப்பியதும் அந்தச் சிறையிலிருந்துதான். வடகாற்று, பீரங்கிக்குக் காத்திருந்த நேரத்தில் நீங்கள் கீழே இறங்கவில்லையா? கொடிக்குப் பக்கத்தில் வேறு என்ன செதுக்கியிருந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள்.