நெடுந்தீவுப் பயணக் கட்டுரை முடிவில நிக்குது, உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். நெடுந்தீவுக்குத் தனியப் போய் வந்ததை எங்கட சனசமூக நிலைய மலருக்கு எழுதிறன். 800 சொல்லுக்குள்ள, மாத முடிவுக்கு முன்னம் குடுக்கோணும்.

குறிகட்டுவான் இறங்குதுறை, பவளக்கல் மதில், பெருக்குமரம், குதிரையள் எல்லாம் வடிவா வந்திட்டுது. அந்தப் பயணம் என்னை என்ன மாத்தினது எண்டு எழுத வெளிக்கிட்டால்தான் மேடைப் பேச்சாப் போகுது. "தன்னம்பிக்கை வளர்ந்தது" எண்ட வசனம் எனக்கே ஒட்டேல்லை.

நடந்தது சின்ன விசயம். கடல் எண்டால் எனக்குச் சரியான பயம். படகு ஆடேக்க பக்கத்தில இருந்த ஆச்சி ஒண்டும் கேக்காமல் தன்ர மரக்கறிப் பையை என்ர மடியில வைச்சு, "இதைப் பிடி பிள்ளை" எண்டா. வெண்டிக்காய் விழாமல் பிடிக்கிறதிலயே கரை வந்திட்டுது. இப்ப எங்க போறதெண்டாலும் துணை தேடுறேல்லை.

கடைசிப் பந்தியை வெட்டினன், கட்டுரை அந்தரத்தில நிக்குது. ஆச்சியை முதலுக்குக் கொண்டுவந்தன், தீவு பின்னுக்குப் போட்டுது. தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினன், "முடிவு பாடப்புத்தகம் மாதிரி" எண்டாள்.

பயணக் கட்டுரை எழுதிப் பழகின ஆக்கள் சொல்லுங்கோ: மாற்றத்தை நேர சொல்லாமல் வாசிக்கிறவைக்கு விளங்க வைக்க, ஆச்சியின்ர இடத்தைக் கட்டுரையில எங்க வைக்கிறது?