0.34 பதிப்புக்கு முன்னால் டாஸ் இருந்ததா, இல்லையா?

எட்டங்குலம்:
மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் பற்றி நேற்று பாலு எழுதியது: "எம்எஸ்-டாஸின் முதல் வெளியீடு 86-டாஸ் 0.34, நாள் 1980 டிசம்பர் 29. அதற்கு முந்தையதெல்லாம் சோதனைச் சரக்கு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டாஸை முதலில் எழுதிய டிம் பேட்டர்சனின் 1.25 பதிப்பு மூல நிரலைத் திறந்தால் தலைப்பிலேயே பதிப்பு வரலாறு இருக்கிறது. 0.34-க்கு நேரே என்ன இருக்கிறது? பொது வெளியீடு, முந்தைய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் புதுப்பிப்பு. முந்தைய வாடிக்கையாளர்கள்! அவர்கள் எதை வாங்கியவர்கள்?

வடபழனிபாலு:
"பொது வெளியீடு" என்பதை வேகமாகத் தாண்டிவிட்டீர்களே. எழுதியவரே 0.34-ஐத்தான் அப்படிச் சொல்கிறார். பட்டியலும் அங்கேதான் தொடங்குகிறது, அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. நானும் படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

எட்டங்குலம்:
பட்டியல் அங்கே தொடங்கினால் டாஸும் அங்கேதான் தொடங்குமா? சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் கம்பெனி இன்டெல் 8086 சில்லு பொருத்திய அட்டையை விற்றுக்கொண்டிருந்தது. அதில் ஓட, அன்று பரவலாக இருந்த சிபி/எம் இயங்குதளத்தின் 8086 வடிவமான சிபி/எம்-86 வந்தபாடில்லை. அதனால்தான் அங்கே வேலை பார்த்த பேட்டர்சன் 1980-ல் கியூடாஸ் எழுதினார்; அதுதான் பிறகு 86-டாஸ் ஆனது. 2024 தொடக்கத்தில் இணையத்துக்கு வந்த 86-டாஸ் 0.1-சி வட்டின் வரிசை எண் 11. அதில் எட்லின் என்ற உரைத் திருத்தி இருக்கிறது, அசெம்பிளர் மென்பொருள் இருக்கிறது, செஸ் விளையாட்டுகூட இருக்கிறது. சோதனைச் சரக்குக்கு யார் வரிசை எண் போடுவார்கள்?

வடபழனிபாலு:
எண் 11 என்றால் பதினொரு பேர் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று அர்த்தமா? இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் 86-டாஸுக்கு உரிமம் வாங்கியதே 1980 டிசம்பரில். முழுதாக வாங்கியது 1981 ஜூலை 27-ல், 50,000 டாலருக்கு. நான் எழுதியது எம்எஸ்-டாஸ் பற்றி. நீங்கள் பேசுவது வேறொரு கம்பெனியின் சரக்கு.

எட்டங்குலம்:
முந்தைய வாடிக்கையாளர்கள் யார்? அதற்குப் பதில் வரவில்லை.

அசெம்பிளர்:
இரண்டு பேரும் தவறு. 1981 பிப்ரவரி 25-ல் 0.42 வந்தபோதுதான் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடைவுப் பதிவு 32 பைட் ஆனது. அதற்கு முன் 16 பைட். 0.1-சி வட்டை அப்படியே ஐபிஎம் பிசிக்கான பிசி-டாஸில் படிக்க முடியாது. வம்சம் 0.42-ல்தான் தொடங்குகிறது.

எட்டங்குலம்:
2.0-ல் துணை அடைவுகள் வந்தன. அப்படியென்றால் 1.25 டாஸ் இல்லையா? அமைப்பு மாறினால் பெயரை எடுத்துவிடுவீர்களா?

சிபிஎம்தாசன்:
சிபி/எம்மை எழுதிய கேரி கில்டால் பெயரை இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நிரல்கள் டாஸைக் கூப்பிடும் அழைப்பு எண்களே சிபி/எம்மைப் பார்த்து வைத்தவை. முதல் பதிப்பு எது என்று சண்டை போடுவதற்கு முன் யாருடைய பதிப்பு என்று பேசுங்கள்.

அசெம்பிளர்:
சிபி/எம் கையேட்டைப் பார்த்து எழுதியதாகப் பேட்டர்சனே சொல்லியிருக்கிறார். பழைய சிபி/எம் நிரல்களைச் சுலபமாக 8086-க்குக் கொண்டுவருவதற்காகச் செய்தது அது. கையேட்டைப் பார்ப்பது வேறு, நிரலைத் திருடுவது வேறு.

சிபிஎம்தாசன்:
திருட்டு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. நீங்களாகக் கொண்டுவருகிறீர்கள்.

வடபழனிபாலு:
இங்கே எப்போதும் இதுதான். பிசி-டாஸ் 1.0-ல் கோப்புக்குத் தேதி மட்டும்தான், நேரம் 1.1-ல்தான் வந்தது என்று போன வருடம் சொன்னேன். எட்டங்குலம் சார் என்னைப் படிக்கத் தெரியாதவன் என்றார். அப்புறம் அதே பதிப்பு வரலாற்றில், 1981 டிசம்பர் 31-ல் 1.20-க்கு நேரே, நேரம் சேர்த்தது தெளிவாக இருந்தது. ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

எட்டங்குலம்:
அது வேறு, இது வேறு. சரி, அதையும் பேசுவோம், தனியாக. நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பெட்டி எட்டங்குல வட்டுகளை எடைக்குப் போட்டார்கள். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒருவர் ஒரே வரியில் "சோதனைச் சரக்கு" என்று தள்ளும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. மறுபடியும் கேட்கிறேன்: 1980 டிசம்பர் 29 அன்று "முந்தைய" வாடிக்கையாளர்கள் என்றால், அவர்கள் கையில் இருந்தது என்ன?

வடபழனிபாலு:
பொது வெளியீடு அல்லாத ஒன்று. அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எட்டங்குலம்:
வாங்கியவர்கள், பாலு. வாடிக்கையாளர்கள் என்று எழுதியிருக்கிறது.