புரொஃபைல் எழுத ஆள் தேடும்போது

புரொஃபைல் என்பது ஒரு மனிதரைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரை. அதற்கு "யார் பெரிய ஆள்?" என்று தேடத் தொடங்கினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும். நூறு பேட்டி கொடுத்தவரிடம் நூற்றியோராவது தடவையும் அதே பதில்தான் வரும். இந்த ஆளுக்கு இப்போது எது முடியாமல் கிடக்கிறது என்று பாருங்கள். ஓய்வுபெற மூன்று மாதமே இருக்கும் ஆசிரியை, தொழிலை ஒப்படைக்க ஆள் கிடைக்காதவர், மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பவர். ஏதாவது நிலுவையில் இருந்தால்தான் கட்டுரை நகரும். இல்லாவிட்டால் பிறந்தார், படித்தார், விருது வாங்கினார் என்று பயோடேட்டா மிஞ்சும்.

பெயர்கள் கிடைக்கும் இடம், பழைய செய்திகளின் கடைசிப் பத்தி. "என்றார் அங்கிருந்த காவலாளி" என்று ஒரே வரியில் வந்துபோனவர்களைக் குறித்துவையுங்கள். இன்னொரு வழி: ஒரு துறையில் ஐந்தாறு பேரிடம், "வேலையில் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் உடனே கிளம்பலாம்.

* * *

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பெரிய நிகழ்ச்சி என்றால் மேடைக்குப் பின்னால் வேலை செய்பவரைத் தேடுங்கள். 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடியின் இறுதிச் சடங்கை எழுதப் போன பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லின், ஆர்லிங்டன் கல்லறையில் குழி தோண்டியவரைப் பற்றி எழுதினார். அந்தத் தொழிலாளிக்கு மணிக்கு 3.01 டாலர் கூலி. அந்த எண்ணைக் கேட்டு எழுதியதில்தான் நிருபரின் கண் தெரிகிறது.

* * *

ஆள் கிடைத்ததும் பேட்டிக்கு நாள் குறித்துவிடாதீர்கள். பத்துப் பெயரில் ஐந்து பேரிடம் போனில் பேசி, இரண்டு பேரை நேரில் பாருங்கள். முதல் சந்திப்பு அரை மணி நேரம், ரெக்கார்டர் வேண்டாம். "உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பொதுப்பேச்சுதான் வரும். "நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

அதைவிட நல்லது, செய்துகாட்டச் சொல்வது. ஆவணக் காப்பகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டுபவரிடம் பேச்சுக் கொடுத்தால் "இது ஒரு சேவை" என்பார். ஒரு தாளை எடுக்கச் சொல்லுங்கள். கோதுமைப் பசையைத் தண்ணீரில் இளக்கி, ஒட்டுப்போடும் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கத்தரிக்காமல் நார் தெரியக் கையாலேயே கிழிப்பார். ஏன் என்று கேட்டால், வெட்டிய விளிம்பு தடித்து நிற்கும், கிழித்த விளிம்பு பழைய தாளோடு கலந்துவிடும் என்பார். ஒட்டும் நொடியில் மூச்சை அடக்குவார். இப்படி ஒரு காட்சிகூட அமையாவிட்டால், எவ்வளவு நல்லவரானாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.

* * *

எழுதப்போகும் ஆளைச் சுற்றியிருப்பவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களில் குறைந்தது ஐந்து பேரிடம் பேச வேண்டும், அதில் ஒருவராவது அந்த ஆளோடு ஒத்துப்போகாதவராக இருக்க வேண்டும். அந்த ஆளே கொடுக்கும் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பினால் பாராட்டு மடல்தான் கிடைக்கும். ஆளே பேச மறுத்தாலும் வழி உண்டு. 1966இல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழுக்காகப் பத்திரிகையாளர் கே டலீஸ், பேட்டி கொடுக்காத பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைச் சுற்றியிருந்தவர்கள் வழியாகவே எழுதினார். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். நான்கு நாள் கெடு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் நண்பர், உறவினர், உங்களோடு பணம் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் ஆகியோரைப் பற்றி எழுதக் கூடாது. தேர்ந்தெடுத்த ஆளிடம் முதல் நாளே இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள். ஒன்று, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் வர அனுமதி உண்டா? மற்றொன்று, தேதி, பெயர், தொகை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்போம், கட்டுரையை முன்கூட்டிக் கொடுக்க மாட்டோம். இதைக் கடைசி நாளில் சொன்னால் ஏமாற்றியதாகவே நினைப்பார்.