செலினியம் மாத்திரை: தைராய்டுக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் தேவையா?

வேனில்:
எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். அந்தத் தாக்குதலைக் காட்டும் டிபிஓ ஆன்டிபாடி மிக அதிகம். தைராய்டு மாத்திரையோடு தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் என்ற தாதுச்சத்தும் எடுத்தால் ஆன்டிபாடி இறங்கும் என்று தோழி சொல்கிறாள். ஏற்கெனவே ஒரு மல்டிவிட்டமினும், முடி கொட்டுவதற்காக இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஆரம்பிக்கலாமா?

கதிர்மணி:
தாராளமாக ஆரம்பியுங்கள். எடைக்கு எடை பார்த்தால் நம் உடம்பில் செலினியம் மிக அதிகமாக இருப்பது தைராய்டு சுரப்பியில்தான். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனை உடம்பு பயன்படுத்தும் டி3 ஆக மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும். ஹார்மோன் தயாராகும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து சுரப்பியைக் காக்கும் நொதிகளுக்கும் அதுதான் வேண்டும். என் அம்மாவுக்கு ஆறே மாதத்தில் ஆன்டிபாடி பாதியாகக் குறைந்தது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஈரநிலம்:
கதிர்மணி சார், ரிப்போர்ட்டில் குறைந்தது சரி. அம்மாவுக்கு அசதி போனதா? தைராய்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார்களா? ஆன்டிபாடி இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதனால் நோயாளியின் உடல்நிலை தேறியது என்பதற்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை.

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம்தான். மீன், முட்டை, இறைச்சி, தானியம் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. பிரேசில் நட் ஒன்றே ஒன்று அந்தத் தேவையைத் தாண்டிவிடலாம். தாண்டக்கூடாத உச்ச வரம்பு அமெரிக்காவில் 400. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐரோப்பாவுக்கான வரம்பை 255 என்று இறக்கிவிட்டது. அவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்ட முதல் அறிகுறியே முடி கொட்டுவது. வேனில், நீங்கள் முடிக்காகவே ஒரு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கதிர்மணி:
பயமுறுத்தாதீர்கள். பற்றாக்குறை உயிரையே எடுக்கும். சீனாவில் கேஷான் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு இதய நோய் இருக்கிறது. மண்ணில் செலினியம் இல்லாத பகுதிகளில் குழந்தைகளும் இளம் பெண்களும் அதில் இறந்தார்கள். செலினியம் கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது. பின்லாந்து 1980-களிலிருந்து உரத்திலேயே செலினியம் கலக்கிறது. தைராய்டு கண் நோய்க்கு 2011-இல் வந்த ஐரோப்பிய ஆய்வைப் பாருங்கள். லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை 100 மைக்ரோகிராம் கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் கண் நன்றாகவே தேறியது. இதெல்லாம் பொய்யா?

ஈரநிலம்:
பொய் இல்லை. நீங்கள் சொன்னதெல்லாம் உடம்பிலோ மண்ணிலோ செலினியம் குறைவாக இருந்த இடங்களின் கதை. இருப்பு போதுமானவர்களுக்கு மேலும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய செலக்ட் ஆய்வில் 35,000-க்கும் அதிகமான ஆண்கள் சேர்ந்தார்கள். 200 மைக்ரோகிராம், நீங்கள் சொல்லும் அதே அளவு. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பினார்கள். தடுக்கவில்லை, 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய தோல் புற்றுநோய் ஆய்விலும் அதே 200-தான். அதில் செலினியம் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது, அதுவும் தொடக்கத்திலேயே ரத்தத்தில் செலினியம் கூடுதலாக இருந்தவர்களுக்கு. வேனிலின் இருப்பு என்ன என்று கேட்காமலே "ஆரம்பியுங்கள்" என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மூங்கில்காற்று:
நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு இதே போல மூன்று டப்பா வைத்திருந்தேன். முதலில் வாயில் உலோகச் சுவை, பூண்டே சாப்பிடாத நாளிலும் மூச்சில் பூண்டு வாடை. அப்புறம் நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. சட்டைப் பொத்தான் போடும்போது கட்டைவிரல் நகம் அந்தக் கோட்டிலேயே ஒடிந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்ததும், முடிக்கான மாத்திரையை இரண்டாக்கினேன். அதிலும் செலினியம் இருந்தது, லேபிளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தி நகம் முழுசாக வளர ஆறேழு மாதம் ஆனது.

கதிர்மணி:
மூங்கில்காற்று, படிக்கவே கஷ்டமாக இருந்தது. மூன்று டப்பா சேர்த்து எடுக்க நான் சொல்லவில்லை. இருந்தாலும் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் நான் மாறவில்லை. வேனிலிடம் மற்ற மாத்திரைகளைப் பற்றி முதலில் கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு.

வேனில்:
இப்போதுதான் இரண்டு டப்பாவையும் எடுத்துப் பார்த்தேன். மல்டிவிட்டமினில் 55, முடி மாத்திரையில் 100. இதோடு 200 சேர்ந்தால் 355, சாப்பாட்டில் வருவது தனி. புதிதாக வாங்கியதைப் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், மூன்று லேபிளையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ரத்தத்தில் செலினியம் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். மூங்கில்காற்று அக்கா, அந்த வெள்ளைக் கோடு எல்லா விரலிலும் வந்ததா? எனக்கு இரண்டு விரலில் இருக்கிற மாதிரி தெரிகிறது.